5ஆம் தேதி என்றாலே வயிறு கலங்குகிறது

ஓசூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

வயது 36. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது 31,000 ரூபாய். கணவர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அவருக்கு 52,000. மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. ஆக மாதம் 83,000 ரூபாய் வருகிற வீடு. “எங்கப்பா ஆயுசுக்கும் பார்க்காத சம்பளம் இது. ஆனால் 15ஆம் தேதிக்கு மேல் மளிகைக்கே கார்டைத் தேய்க்கிறோம்” என்கிறார்.

போகிற வழியையும் வரிசையாக எழுதியிருக்கிறார். வீட்டுக்கடன் தவணை 22,400. கார் 9,600. கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் 8,300. செல்போனும் டிவியும் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் 5,700, அது இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கணவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாய் நிலுவை. மாதாமாதம் மினிமம் டியூ மட்டும் 9,000 கட்டுகிறார்கள். இவை எல்லாம் 5ஆம் தேதியை ஒட்டிப் போய்விடும். போக, “சேமிப்புக்காக” 5,000 ரூபாய் நகைச்சீட்டு. ஏழு மாதம் கட்டியாயிற்று, நான்கு மாதம் பாக்கி. வீட்டுச் செலவு 29,000 ஆகிறது. குறையும் 6,000 மறுபடி கார்டில் ஏறுகிறது.

இந்த நிலையில் கணவர் காரை மாற்றிப் பெரிய கார் எடுக்க ஷோரூமில் 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் சலுகை, மாதம் “வெறும் 16,800”. வாசகியோ, 45 வயதில் வேலையை விட்டு ஓய்வாக வாழ்வது பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தத் துடிக்கிறார்: டிவி, தீபாவளித் துணி, ஊர்ப்பயணம், சொந்தக்காரர்களுக்கு மொய். கணவர் சொல்வது, “வாழ்றது ஒரு தடவை. மிச்சம் பிடிச்சு எங்க கொண்டு போகப் போற?” பேச்சு சண்டையில் முடிகிறது. மூன்று மாதமாகத் தனக்குக் கூடியிருக்கும் 2,500 ரூபாய் இன்கிரிமென்ட்டை அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

கேள்விகள் இவை. அம்மா போட்ட 14 பவுனை வைத்துக் கார்டு கடனை அடைக்கலாமா? போனில் வரும் “கடனைப் பாதியாகக் குறைக்கிறோம்” விளம்பரத்தை நம்பலாமா? கணவர் கட்டாவிட்டால் என் மேல் வருவார்களா? 45 வயதில் வேலையை விட முடியுமா?

கடைசிப் பக்கத்தில் ஒரு சம்பவம். ஆடிட் நேரத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். அதில் ஒன்று மகளின் பள்ளி ஆண்டு விழா. “முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை சார். 5ஆம் தேதி கண் முன்னால் நின்றது.”

அன்புச் சகோதரிக்கு,

அந்த ஆண்டு விழா வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 22 ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் இருந்தேன். எத்தனையோ பேருடைய சம்பளச் சீட்டையும் தவணைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘தகுதி உண்டு’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தவணையோடு இவரால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தன்னுடையது என்று சொல்ல முடியுமா என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்ததில்லை. நானாகவும் ஒருவரிடம்கூடக் கேட்டதில்லை. இப்போது அது என்னை உறுத்துகிறது.

உங்கள் வீட்டில் 83,000 வந்தால் 55,000 தவணைக்குப் போகிறது. நூறு ரூபாயில் 66 ரூபாய். அடுத்த மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே விற்றுப்போயிருக்கிறது. அதனால்தான் மேலதிகாரி கேட்கும்போது உங்களால் மறுக்க முடியவில்லை. பொருளாதாரச் சுதந்திரம் என்று நான் சொல்வது, வராத சம்பளத்தை விற்காமல் இருப்பதை. 45 வயதில் வேலையை விடுவதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வருகிற விஷயம். உங்களுக்கு முதலில் வேண்டியது விற்கப்படாத ஒரு மாதச் சம்பளம். அதற்கு வழி இருக்கிறது, கணக்கோடு சொல்கிறேன்.

மினிமம் டியூ கட்டினால் கட்டியதாகுமா?

“கார்டை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை” என்று கொஞ்சம் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். தாமதக் கட்டணம் விழாமல் இருக்கவும் சிபில் அறிக்கையில் தவறியதாகப் பதிவாகாமல் இருக்கவும் அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடன் அடையவில்லை. கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் 3.5 என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1,80,000க்கு ஒரு மாத வட்டி 6,300. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. சேர்த்து 7,434. நீங்கள் கட்டும் 9,000இல் அசலுக்குப் போவது 1,566 ரூபாய்தான். அதே மாதம் மளிகைக்கு 6,000 தேய்க்கிறீர்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. பில்லை முழுசாகக் கட்டாத மாதத்தில், புதிதாக வாங்குவதற்கும் அந்த ‘45 நாள் வட்டியில்லை’ சலுகை கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் வீட்டு அரிசி பருப்பை ஆண்டுக்கு 42 சதவீத வட்டிக் கடனில் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தெருமுனையில் ஒருவர் இந்த வட்டிக்குக் கொடுத்தால் கந்துவட்டி என்போம். பளபளப்பான அட்டையில் வந்ததால் நமக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருவதில்லை.

கார்டிலேயே கடனை வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு ரூபாய் தேய்க்காமல், மாதம் 9,000 தவறாமல் கட்டினாலும் அடைய 43 மாதங்களுக்கு மேல் ஆகும், மொத்தம் 3.9 லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். அதிலும் நிலுவை குறையக் குறைய அவர்கள் கேட்கும் மினிமம் தொகையும் குறையும். கேட்டதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் இன்னும் வருடக்கணக்கில் இழுக்கும்.

நகையை வைக்கலாமா?

வைக்கலாம். ‘நகையை வெளியே விடாதே’ என்ற உங்கள் அம்மாவின் பயம் புரிகிறது. அவர் பார்த்த காலத்தில் அடகுக்குப் போன நகை பல வீடுகளுக்குத் திரும்பி வந்ததில்லை. ஆனால் இங்கே 42 சதவீத வட்டிக் கடனை 10 சதவீதத்துக்கு மாற்றுகிறோம். வங்கியில் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் 9 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும். 10 என்று வைத்தால், நீங்கள் இப்போது கட்டும் அதே 9,000இல் 22 மாதத்தில் முழுக்க முடியும். வட்டியாகப் போவது மொத்தமே 18,000 ரூபாய் அளவுக்குத்தான். 14 பவுனையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்றைய விலைக்கு மூன்று நான்கு பவுனுக்குள் இந்தத் தொகை கிடைத்துவிடும்.

நகைக்கடனை வங்கிகள் ஒரு வருடத்தில் திருப்பும்படிதான் பெரும்பாலும் கொடுக்கும். இடையில் கையில் இருப்பதைக் கட்டிக்கொண்டே வரலாம். வருட முடிவில் வட்டியைத் தீர்த்துவிட்டு மீதிக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஏல நோட்டீஸ் வரும் வீடுகளில் பாதி, பணம் இல்லாததால் மட்டும் அங்கே போய் நிற்கவில்லை; தேதியை மறந்து நிற்கின்றன.

இரண்டு நிபந்தனைகள். கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், ரசீது உங்கள் கையில் இருக்கட்டும். பெற்றோர் போட்ட நகை உங்களுடைய ஸ்திரீதனம். அது கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து ஆகாது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி தெளிவாகச் சொன்னது. கஷ்டகாலத்தில் கணவர் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டிய கடமை அவருக்கு உண்டு என்பதுதான் அதன் சாரம். உங்கள் கணவர் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. கொடுப்பது நீங்கள் என்பது இருவருக்கும் நினைவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கார்டு நிலுவை பூஜ்யமான அன்றைக்கே கார்டை மூடச் சொல்லிக் கணவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலுவை இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. ‘மூடினால் சிபில் ஸ்கோர் விழும்’ என்று தடுப்பார்கள். கொஞ்சம் இறங்கலாம், சில மாதத்தில் ஏறிவிடும். நகையை வைத்துக் கார்டை அடைத்துவிட்டுக் கார்டையும் பையில் வைத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் நகைக்கடன், கார்டு கடன் இரண்டோடும் வந்து நிற்பார்கள். கார்டை மூட அவர் சம்மதிக்கவில்லை என்றால் நகையை வைக்காதீர்கள்.

நகைச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சேமிப்பு என்கிறீர்கள். அது 11 மாதத்தில் நகையாக மட்டுமே எடுக்கக்கூடிய முன்பணம். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் கொடுத்து வாங்குகிறீர்கள்; விற்கப் போகும்போது தங்கத்துக்குத்தான் விலை. பிள்ளைக்கு ஆசையாக ஒரு சங்கிலி எடுப்பது வேறு விஷயம். ஒரு கையில் 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டு மறு கையில் நகைச்சீட்டு கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. ஏழு மாதம் கட்டியதை இப்போது விட்டால் சலுகை போய்விடும் என்பதால் மீதி நான்கு மாதத்தைக் கட்டி முடியுங்கள். அடுத்த சீட்டில் சேர வேண்டாம். கடைக்காரர் அன்றைக்கே புது அட்டை எழுத வைப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடுங்கள்.

‘வெறும்’ என்ற சொல்

கார் விலையை உங்கள் கணவர் உங்களிடம் எப்படிச் சொன்னார்? ‘வெறும் 16,800’ என்று. கடிதத்தில் நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மாதம், கூட்டினால் எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு என்பது நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. விளம்பரம் செய்கிற வேலையே இதுதான். பொருளின் விலை என்ன என்ற கேள்வியை எடுத்துவிட்டு, மாதம் எவ்வளவு முடியும் என்ற கேள்வியை வைக்கிறது. உண்மையில் இந்தக் காரால் உங்கள் வீட்டுத் தவணை 55,000இலிருந்து 62,200 ஆகும். அந்த 7,200 எங்கிருந்து வரும் என்பதை அந்த விளம்பரம் எழுதியவர் யோசிக்க வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் யோசிக்க வேண்டும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யும் இதே வகை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கடன் கொடுப்பவருக்குச் சேர வேண்டிய வட்டி எங்கேயாவது இருந்தே தீரும்: ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியில், செயல்பாட்டுக் கட்டணத்தில், அல்லது பொருளின் விலையிலேயே. அடுத்த முறை கடையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘முழுப் பணமும் இப்பவே தர்றேன், எவ்வளவு குறைப்பீங்க?’ அவர் சொல்லும் தொகைதான் அந்த இஎம்ஐயின் காஸ்ட்.

‘இன்னும் 2 மணி நேரத்தில் சலுகை முடிகிறது’, ‘ரெண்டு பீஸ்தான் இருக்கு’ என்று போனில் மணி ஓடுவதைப் பார்த்துக் கை பதறியதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பலவீனம் என்று நொந்துகொள்ளாதீர்கள்; கை பதற வேண்டும் என்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் கட்டணத்தை ஏற்றுவது, ‘வேண்டாம்’ என்றால் கூச்சப்பட வைப்பது என்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடை செய்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். ஆனால் சட்டம் வந்து சேர்வதற்குள் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும் என்பதால், எளிய வழி ஒன்று சொல்கிறேன். கடை ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை நீக்குங்கள், அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். வேண்டியதை ஒரு தாளில் எழுதி அடுத்த சம்பளம் வரை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதமும் அது வேண்டும் என்று தோன்றினால், அது ஆசையாக இருந்தாலும் உங்கள் ஆசை. வாங்குங்கள்.

நான் ஆசைக்கு எதிரி இல்லை. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். தேங்கிய சரக்கைத் தள்ளத் தள்ளுபடி வந்தது. நம் அம்மாக்கள் அதைப் பயன்படுத்தி வருடத்துக்கு வேண்டிய துணியை எடுத்தார்கள். இப்போது தள்ளுபடி இல்லாத மாதமே இல்லை. தானம் செய்கிற நாளாக இருந்த அட்சய திருதியையும் நகைக்கடை வாசலில் நிற்கிற நாளாகிவிட்டது.

‘கடனைப் பாதியாகக் குறைக்கிறோம்’

அந்தப் பக்கமே போகாதீர்கள். இவர்களில் பலர், தவணை கட்டுவதை நிறுத்திவிட்டு மாதாமாதம் எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். நிறுத்தினால் அபராதமும் வட்டியும் ஏறும், வசூல்காரர்கள் வருவார்கள். கடைசியில் குறைத்து முடித்தாலும் உங்கள் கடன் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, பல ஆண்டுகளுக்கு அடுத்த கடன் கதவை அடைக்கும். வேலையே போய், கட்ட வழியே இல்லாதவர் வங்கியிடம் நேராகப் பேசி எடுக்க வேண்டிய கடைசி முடிவு அது. உங்கள் நிலை அதுவல்ல.

உங்கள் பொறுப்பு பற்றியும் பயந்திருக்கிறீர்கள். கணவர் தனியாக வாங்கிய கடனுக்கு, மனைவி என்ற ஒரே காரணத்தால் நீங்கள் பொறுப்பாளி ஆக மாட்டீர்கள். கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் ஆவீர்கள்; வீட்டுக்கடனில் இருவர் பெயரும் இருப்பதால் அது உங்களுடையதும்தான். கார்டில் உங்களிடம் இருப்பது துணைக் கார்டு. அதன் பொறுப்பு முதன்மைக் கார்டுதாரரான அவருடையது. பர்சனல் லோன், கார் லோன் பத்திரங்களை எடுத்து உங்கள் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘கடன் கட்டாவிட்டால் ஜெயிலா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்ட முடியாமல் போவது தானாகக் குற்றமாகாது. ஆனால் கொடுத்த காசோலையோ, கணக்கிலிருந்து எடுக்கக் கொடுத்த அனுமதியோ பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்குக்கு இடம் உண்டு. அதனால் 5ஆம் தேதிக்கு முன் கணக்கில் பணம் நிற்பது முக்கியம். ஒருவேளை தவறினாலும் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களை அழைத்து அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். வழி கேட்க 14448.

45 வயதில் வேலையை விடுவது

வீடியோவில் சொன்ன ‘ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் வேலையை விடலாம்’ என்ற கணக்கு, அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அந்த நாட்டுப் பங்கு, கடன்பத்திரப் புள்ளிவிவரங்களை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குப் போட்டதிலிருந்து வந்தது. நீங்கள் 45இல் நிறுத்தினால் 40 ஆண்டுக்கு வேண்டும். விலைவாசி ஏறும் வேகமும் இங்கே வேறு. அதே கணக்கில் பார்த்தாலும், மாதம் 40,000 ரூபாய்ச் செலவுக்கு இன்றைக்கு 1 கோடியே 20 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் அது 2 கோடியே 15 லட்சம் ஆகும். அப்போது மகள் கல்லூரியை முடிக்கும் தறுவாயில் இருப்பாள். மகன் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருப்பான். இப்போதைக்கு இதை ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு ஓய்வு தேவைப்படவில்லை என்பது என் கணிப்பு. மறுக்கிற தைரியம் தேவைப்படுகிறது. அதற்கு 2 கோடி வேண்டாம்.

வழி இதுதான். கார்டு போனால் வீட்டுச் செலவு 29,000ஐக் கையிலுள்ள பணத்தில் நடத்த வேண்டும். தவணையும் நகைச்சீட்டும் போக இருப்பது 23,000, உங்கள் இன்கிரிமென்ட் 2,500ஐச் சேர்த்தால் 25,500. துண்டு விழும் 3,500ஐ, சீட்டு முடியும்வரை நகைக்கடனில் குறைத்துக் கட்டுங்கள். 9,000க்குப் பதில் 5,500. நகைக்கடனில் அந்த நெளிவு உண்டு. கடன் முடிவது இரண்டு மாதம் தள்ளிப்போகும், பரவாயில்லை. நான்கு மாதத்தில் சீட்டு முடிந்து 5,000 விடுபடும். 9,000 கட்டியது போக 1,500 மிஞ்சும். ஏழு மாதத்தில் செல்போன், டிவி தவணை 5,700 விடுபடும். ஆக மாதம் 7,200. கவனித்தீர்களா, புதுக் காருக்குக் கூடுதலாகப் போக இருந்த அதே தொகை. அடுத்த 12 மாதத்தில் 86,400 சேரும். உங்கள் இருவருடைய ஒரு மாத முழுச் சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே. அதை ஏடிஎம் கார்டு இல்லாத தனிக் கணக்கில் வையுங்கள். அதற்கு ஐந்து மாதம் கழித்து நகை வீட்டுக்கு வரும். மாதம் 9,000 கைக்கு வரும். பிறகு பர்சனல் லோனை முன்கூட்டி முடிக்கலாமா என்று பாருங்கள், முன்முடிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பத்திரத்தில் இருக்கும். இடையில் பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள், அவ்வளவு பாதுகாப்பாக வேறெங்கே கிடைக்கும்? கணவரின் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் நால்வரும் இருக்கிறீர்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மொய் நோட்டும் மகளின் ஷூவும்

மொய்யை நிறுத்தாதீர்கள். அந்த வீடியோக்காரருக்கு உங்கள் ஊர் தெரியாது. உங்கள் கிரகப்பிரவேச மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பதெல்லாம் நீங்கள் திருப்ப வேண்டிய கடன், வட்டியில்லாமல் உங்களை நம்பிக் கொடுத்தது. நாளைக்கு ஆஸ்பத்திரி என்றால் ஓடி வருவதும் அந்த நோட்டில் உள்ள ஆட்கள்தான். வந்ததைத் திருப்பிச் செய்யுங்கள், வழக்கமாகக் கூட்டுகிற அளவு கூட்டுங்கள். போட்டிக்குத் தூக்கிச் செய்வதை மட்டும் விடுங்கள்.

மகள் வகுப்பில் எல்லோரும் போடும் ஷூவுக்கு அழுததையும், “அப்பா அம்மாவுக்கு விலை தெரியுமாடி” என்று நீங்கள் கத்தியதையும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு விலை தெரியாது, யாரும் சொன்னதில்லை. 10 வயது நிரம்பிய பிள்ளைகள் வங்கியிலும் தபால் நிலையத்திலும் தாங்களே நடத்தும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அவளை அழைத்துப் போய்த் தொடங்கிக் கொடுங்கள். பிறந்தநாள், பொங்கலுக்குப் பெரியவர்கள் தரும் காசு அதில் போகட்டும். ஷூவுக்குச் சாதாரண ஷூவின் விலையை நீங்கள் கொடுங்கள்; மேற்கொண்டு ஆவதை அவள் சேர்த்துப் போடட்டும். நான் படித்த பள்ளியில் சஞ்சாயிகா என்று மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. நாலணாவும் எட்டணாவுமாகக் கட்டி, வருடக் கடைசியில் 11 ரூபாய் வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதில் ஒரு ஹீரோ பேனா வாங்கினேன். அந்தப் பேனாவைத் தொலைக்கவேயில்லை.

வீட்டுக்காரரிடம் பேசுவது

இதைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் கணவரின் கார், போன், டிவிக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு 400 பேருக்குச் சாப்பாடு போட்டது, உங்கள் பக்கத்துச் சொந்தத்துக்குத் துணி எடுத்தது, நகைச்சீட்டு எல்லாம் சேர்ந்து ஒன்றரை வரி. அவரும் இப்படி ஒரு கடிதம் எழுதினால் பக்கங்கள் இடம் மாறியிருக்கும். ‘வாழ்றது ஒரு தடவை’ என்கிறவர் விளம்பரத்தில் மயங்கியவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து மணி நேரம் ஷாப் ஃப்ளோரில் நின்றுவிட்டு வரும் மனிதர், தன் உழைப்புக்கு அடையாளமாக ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். ‘எல்லாவற்றையும் நிறுத்து’ என்று நீங்கள் சொல்லும்போது அதைத்தான் பிடுங்குகிறீர்கள் என்று அவருக்குப் படும்.

அந்த 2,500ஐ முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும், அது நல்லது. ரகசியமாக இருக்க வேண்டாம். நீங்கள் மறைத்தது பின்னால் தெரிந்தால் உங்கள் கணக்கு எதையும் அவர் கேட்க மாட்டார். (அவர் அடிப்பதாகவோ மிரட்டுவதாகவோ நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் என் பதிலே வேறு. எதையும் சொல்லாமல் முதலில் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள்.) பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு தாளில் 7,434, 1,566 என்ற இரண்டு எண்களையும் எழுதி அவர் முன் வையுங்கள். யார் செலவு என்று பேச்சே எடுக்காதீர்கள். வங்கிக்கு எதிரில் நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அந்தத் தாளிலேயே தெரியும். மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய், யாரும் கணக்குக் கேட்காத பணம் என்று ஒதுக்குங்கள். அதைச் சேர்த்துத்தான் 29,000. தீபாவளித் துணி உண்டு, ஊருக்கும் போங்கள், டிவியும் ஓடட்டும்.

இனி அவசரமான வேலை. ஷோரூமில் கொடுத்த 5,000க்கான புக்கிங் படிவத்தில் ரத்து செய்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வண்டி இன்வாய்ஸ் ஆகவில்லை, கடன் பத்திரத்தில் கையெழுத்து ஆகவில்லை என்றால் ரத்து செய்வது சுலபம். சேல்ஸ்மேனிடம் வாயால் சொல்ல வேண்டாம். மின்னஞ்சலில் ‘புக்கிங்கை ரத்து செய்கிறேன், முன்பணத்தை இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள்’ என்று கணவர் எழுதட்டும். படிவத்தில் இருப்பதற்கு மேல் பிடித்தாலோ, இழுத்தடித்தாலோ 1915இல் பதிவு செய்யுங்கள். கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் அந்த மின்னஞ்சலின் நகலை அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒப்புதல் ஆகிவிட்டது என்று மாதக் கடைசி வரை போன் வந்துகொண்டே இருக்கும்.